மாரிக்கனியின் மடக்குப்படி

சரக்கு வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதற்கு எஃப்.சி. என்று பெயர். எங்கள் பக்கம் அது வண்டிக்குப் பெண் பார்க்கும் நாள். இல்லாத லட்சணமெல்லாம் அன்றைக்கு வந்துவிடும். நல்ல டயரைப் பக்கத்து வண்டியிலிருந்து இரவல் வாங்கி மாட்டுவார்கள். கூடுதலாக வைத்த கம்பி, கூண்டு, கேரியர் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டுப் புது பெயிண்ட் மணக்கக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் எல்லாம் பழையபடி ஏறிவிடும். கழற்றுவதும் நான், திரும்ப மாட்டுவதும் நான். செட்டியார்பட்டியில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். தங்கப்பாண்டியன் என்று கேட்டால் சொல்வார்கள். இருபது வருஷமாக இந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேஷம் உண்டு. மாரிக்கனி விஷயம் நடக்கும்வரை அதில் எனக்கு வெட்கம் வந்ததில்லை.

மாரிக்கனி எங்கள் பக்கத்துத் தெரு. புருஷன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவான். அவள் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, விடியும்போது ராஜபாளையம் மார்க்கெட்டில் காய்கறி ட்ரேக்களை ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சுந்தரபாண்டியம் வரை பதினெட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். ஓட்டுவதும் அவள், ஏற்றி இறக்குவதும் அவள். உயரம் நாலே முக்கால் அடி. வாய் மட்டும் ஆறடி.

வண்டி வாங்கிய வாரமே என் கடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, இது ஆம்பளைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. எனக்குக் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடுங்க."

சீட்டுக்கு அடியில் இரும்பு ஆங்கிள் கொடுத்து நாலு அங்குலம் உயர்த்தினேன். இடது கண்ணாடியின் மூலையில் ஒரு குட்டி வட்டக் கண்ணாடி ஒட்டினேன். ட்ரேக்கள் வளைவில் சரியாமல் இருக்கப் பின்னால் குறுக்கே ஒரு பைப் வைத்தேன். கடைசியாகத்தான் அந்தப் படி. பின்கதவுக்குக் கீழே கீல் வைத்துத் தொங்கும் இரண்டு தட்டுப் படி. இழுத்தால் இறங்கும், உதைத்தால் மடங்கிக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கடையிலும் ட்ரேயை விளிம்பில் வைத்து, உட்கார்ந்து குதித்து, திரும்ப ட்ரேயைத் தூக்குவாள். படி வந்த பிறகு சுமந்தபடியே மகாராணி மாதிரி இறங்கினாள். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் அவள் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வழக்கம்போலப் படியைக் கழற்றினேன். அவளைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே கிடையாது. சான்றிதழ் வாங்கியதும் நேரே கடைக்கு வந்தாள். ஆடிப்பூரத் தேருக்குள் முடித்துத் தருவதாக ஒரு மண்டபத்துக்காரருக்கு இரும்புக் கேட் ஒப்புக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வா தாயி" என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். எட்டு நாள் அப்படியே இழுத்தேன்.

ஏழு நாள் நினைவு வைத்துக்கொண்டு உட்கார்ந்து குதித்தவள், எட்டாம் நாள் தூறலுக்குப் பயந்து அவசரப்பட்டாள். சுந்தரபாண்டியத்தில் ஒரு கடை வாசலில் தக்காளி ட்ரேயைச் சுமந்தபடி பின்பக்கமாகக் காலை வைத்தாள். ஒரு வருஷம் பழகிய கால், படி இருக்கிறதென்று நம்பி வைத்தது. படி என் கடைச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

இடது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. மூன்று மாதம் கட்டு. அதற்குள் ஐயாதுரை என்கிற இன்னொரு பிக்கப்காரன் அவளுடைய பதினெட்டுக் கடைகளையும் பிடித்துக்கொண்டான். போனில் பாண்டிச்செல்வம், "வண்டிய வித்துரு" என்றானாம். "ஒடிஞ்சது காலுதான், லைசென்ஸ் இல்ல" என்று வைத்துவிட்டாளாம். நானும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். போய், "உனக்கு நேரம் சரியில்ல தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன். நேரம் என்ன செய்யும் பாவம்! அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

கட்டுப் பிரித்ததும் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தாள். "படிய வைங்கண்ணே. போல்ட்டு வேண்டாம், முழு வெல்டு" என்றாள். உன்னால்தான் விழுந்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நின்று, ஒரு வருஷத்தில் பதினாறு கடைகளைத் திரும்பப் பிடித்தாள். இன்னொரு தடவை வண்டி நின்றால் அந்தப் பதினாறும் போய்விடும், திரும்ப வராது. அது அவளுக்கும் தெரியும், ஐயாதுரைக்கும் தெரியும்.

இந்த ஆடியில் மறுபடி எஃப்.சி. வந்தது. ஐயாதுரை வண்டிக்கும் அதே நாள்தான். நான் அவன் வண்டியின் முன்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கைப்பழக்கத்தில் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு அவள் வண்டியின் பின்பக்கம் போனேன்.

"படியத் தொடாதீங்க."

"ஏட்டி, நாளைக்கு ஒருநாள்தான். சாயங்காலமே வச்சுத் தாரேன்."

"போன தடவையும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

மெஷினைக் கீழே வைத்தேன். ஐயாதுரைதான் சிரித்தான்.

"ஊரே கழட்டிட்டுப் போகுது. இவ மட்டும் சட்டம் பேசப் போறாளாம். வண்டிய அங்கனயே நிப்பாட்டிருவாங்க, பாத்துக்கோ. பொறவு உன் கடைக்கெல்லாம் எவன் சரக்குப் போடுவான்?"

"நீதான் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கியே, போடு. ஆனா படியோடதான் போவேன்."

என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கண்ணே. உங்க வேலைதானே, வந்து பாருங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மறுநாள் விடிந்ததும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வண்டியில் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் குளித்து முழுகி விபூதி பூசியது போல நின்றன. ஐயாதுரை வண்டி பத்து நிமிஷத்தில் தேறிவிட்டது. அவன் போகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றுகொண்டான். இன்ஸ்பெக்டர் மாரிக்கனி வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சரி. பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? எல்லாரும் கழட்டிட்டுத்தானே வாராங்க?"

"கழட்டிட்டு வந்தா நீங்க பாக்குறது வேற வண்டி சார். நான் தெனமும் ஓட்டுறது இந்த வண்டி. இதப் பாத்துச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

"இப்படியே பாஸ் பண்ண முடியாது" என்றார் அவர்.

"எது தப்புன்னு எழுதிக் குடுங்க சார். சும்மா கழட்டுன்னு சொன்னா கழட்ட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் நியாயமான மனுஷன். குனிந்து பார்த்தார், படியை மடக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு விரலை நீட்டிக் காட்டினார். மடக்கிய படியின் இடது கம்பி, நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பாதி மறைத்தது.

"படி இருக்கிறது பத்தி இல்லம்மா. நம்பர் தெரியணும். அதான் தப்பு."

மாரிக்கனி குனிந்து பார்த்தாள். "சரிதான் சார். அத மாத்திட்டு வாரேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மறுபடியும் என் வேலையில்தான் கோளாறு! பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

வெளியே ரோட்டோரம் ஒரு வெல்டிங் கடையில் மெஷினைக் கேட்டு வாங்கினேன். படியை வெட்டி எடுத்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். அது தரையில் கிடந்த நேரம் முழுக்க அவள் கண் அதன் மேலேயே இருந்தது. நாலு அங்குலம் வலப்பக்கம் தள்ளி வைத்து, என் மகள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்திருக்க மாட்டேன், அப்படிப் பற்றவைத்தேன். ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார், தலையாட்டினார். கையெழுத்துப் போடும்போது அவள் நொண்டி நடப்பதைக் கவனித்துவிட்டு, "காலுக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

"போன எஃப்.சி.க்குப் படியக் கழட்டுனோம் சார். பழக்கத்துல கால வச்சுட்டேன்."

"யாரு வச்ச படி இது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் ஒரே பதில்தான் உண்டு. வாங்கும்போதே இருந்தது சார் என்று சொல்லிவிட வேண்டும். வெல்டிங்காரன் பெயர் வெளியே வரக்கூடாது. ஐயாதுரை எனக்குக் கண்ணைக் காட்டினான். மாரிக்கனியும் எனக்காக வாயைத் திறக்கப் போனாள்.

நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் சார் வச்சேன். போன தடவை அவளக் கேக்காம கழட்டுனதும் நான்தான். எட்டு நாளாத் திருப்பி வைக்காமப் போட்டதும் நான்தான். அவ நேரமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

கடைசி வார்த்தை இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. அவர் தாளை நீட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாரிக்கனி தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். என் பக்கம் திரும்பினாள்.

"இதச் சொல்ல ரெண்டு வருசம் ஆயிருக்கு உங்களுக்கு" என்றாள்.

பிறகு பின்பக்கம் போய்ப் படியை இழுத்து இறக்கினாள். நொண்டிக் காலை முதல் தட்டில் அழுத்தி வைத்து மேலே ஏறி நின்று, கையை நீட்டினாள்.

"பெட்டியக் குடுங்கண்ணே. மார்க்கெட்டுல லோடு கெடக்கு."