அவர் சொன்ன ‘தெரியாது’

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. மற்றவர்களுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வரும், கோபம் வரும். எனக்கு வந்தது பொறாமை, அதுவும் ஒரு சங்கத்தில் அவர் பேசிய அறிவியல் பேச்சுகளால்.

தக்கலையில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் எங்கள் சங்கம் கூடும். மலையேறுவது, குளங்களில் பறவை பார்ப்பது, கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளைத் துழாவுவது, இதுதான் எங்கள் வேலை. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் உறுப்பினர் ஒருவர் அறிவியல் பேசுவார். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். சங்கத்தை ஆரம்பித்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்தவரிடம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அவருக்குப் பதில் தெரியாமல் போனால், கேட்டவர்தான் அதைத் தேடிப் படித்து அடுத்த மாதம் பேச வேண்டும். யாரும் மடக்கவில்லை என்றால் பேசியவரே தொடரலாம். அதனால் ஒருவரை மடக்குவது எங்களிடத்தில் மரியாதைக் குறைவு இல்லை. மடக்கப்பட்டவருக்கும் சேர்த்துக் கைதட்டுவோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பேச்சு முட்டம் கடற்கரையில் நடக்கும். குடும்பத்தோடு எல்லாரும் வருவார்கள். கருங்கல், குளச்சல் பக்கத்திலிருந்து புது ஆட்களும் வருவார்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் நின்று பேசுவது தனிக் கெத்து. அந்தப் பாறை என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். எனக்குக் கார் ஓட்டத்தான் முதலில் சங்கத்துக்கு வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் பாலைவனத்து வெயிலைப் பற்றி ஏதோ கேட்டு, அன்று பேசிய வங்கிக்காரரை மடக்கிவிட்டார். அடுத்த மாதம் இவர் பேச வேண்டியதாயிற்று. ஐயோ, அந்தப் பேச்சு! குறிப்பு இல்லை, படம் இல்லை. ஒட்டகம், மணல்காற்று, தகரக் கொட்டகைக்குள் அடிக்கும் சூடு என்று சும்மா கதை சொல்வதுபோலச் சொன்னார். யார் பேசினாலும் தூங்கிவிடும் வக்கீல் ஒருவர் உண்டு, அவர்கூடக் கண்ணை மூடவே இல்லை. நான் பேசும்போது அதே வக்கீல் குறட்டை விட்டிருக்கிறார்.

கீழே இறங்கும்போது சங்கத்துத் தலைவர் என்னிடம், “டீச்சரே, இவ்வளவு நாளும் சாரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார். சிரித்தேன். வயிறு எரிந்தது.

அந்தப் பேச்சிலும் அடுத்த மாதப் பேச்சிலும் அவரை யாரும் மடக்கவில்லை. மடக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். மூன்றாவது பேச்சு, கடல் தண்ணீர் எப்படி உப்பை இழக்கிறது என்பது. அதற்கடுத்த மாதம்தான் முட்டம்; இதிலும் யாரும் மடக்காவிட்டால் அது அவருக்குப் போய்விடும். எனக்கு ராத்திரி உறக்கம் வரவில்லை. பக்கத்தில் அந்த மனிதர் நிம்மதியாக உறங்கினார்.

நான் ஒரு கேள்வியைத் தேடி எடுத்தேன். பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்தேன்.

“உப்பு எல்லாம் எடுத்த பிறகு கிடைக்கிற சுத்தமான தண்ணியை அப்படியே ஊருக்கு விட்டா குழாய் அரிச்சுப்போகும். அது ஏன், அதுக்கு என்ன செய்வாங்க?”

அவர் என்னைப் பார்த்தார்.  பிறகு, “தெரியாது டீச்சர்” என்றார்.

கைதட்டல். முட்டம் எனக்கு. வீட்டுக்கு வரும் வழியில் நானே பேக்கரியில் இறங்கி நெய்யப்பம் வாங்கினேன்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அப்பாக்குத் தெரியாதா? அப்பாக்க வேலையே அதுதானேம்மா. சுத்தம் பண்ணின தண்ணியில சுண்ணாம்புச் சத்து சேர்க்குற இடத்துலதான் அப்பா நின்னாவ. எனக்கு ஸ்கூல்ல படிக்கும்போது போட்டோ அனுப்பி விளக்கினாவளே.”

போனை வைத்துவிட்டு அடுக்களையிலேயே நின்றேன். வருஷக்கணக்காக அந்த மனிதரிடம் போனில் பேசியிருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், மாடியில் ஒழுக்கு, லீவு எப்போது. ஆலையில் இருக்கிறார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அவள்மேலும் பொறாமை வந்தது.

முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் போனேன். “ஒங்களுக்கு எல்லாம் தெரியுமாமே. எனக்குப் பிச்சையா போட்டீங்க?”

அவர் குழாயை அடைத்தார். “நீ முட்டத்துக்கு ஆசப்பட்டு நடந்தது எனக்குத் தெரியாதாக்கும்?”

“அதுக்குப் பொய் சொல்லணுமா?”

“பொய் சொல்லணும்னு நெனைக்கல கேட்டியா. இத்தன வருஷத்துல எனக்க வேலயப் பத்தி நீ கேட்ட மொத கேள்வியாக்கும் அது. எனக்கு வாய் அடச்சுப்போச்சு.”

நான் விடுவேனா? “எனக்க லேபுல என்ன நடக்குன்னு நீங்க ஒரு நாளு கேட்டதுண்டா?”

அவர் செடிப் பக்கம் திரும்பினார். மறுபடி குழாயைத் திறந்தார்.

முட்டத்தில் நல்ல கூட்டம். காற்று சேலையை இழுத்தது. சுத்தமான தண்ணீர் பசித்த தண்ணீர், எதைத் தொட்டாலும் அதிலிருந்து கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்ளும், அதனால்தான் அதற்குச் சுண்ணாம்புச் சத்தை ஊட்டி அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். நன்றாகவே பேசினேன். வக்கீல் முழித்திருந்தார். கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. என் வீட்டுக்காரர்.

“டீச்சர் லேபுல பிள்ளைகளுக்கு ஒவ்வொரு உப்பாக் கண்டுபிடிக்கப் படிச்சுக் குடுக்கீங்க இல்லியா? அதான் கேக்கேன். ஆத்துத் தண்ணியில சுண்ணாம்புச் சத்துதான் கூடுதல்னு படிச்சேன். வள்ளியாறு இந்தா பக்கத்துலதான் கடல்ல சேருது. அப்போ கடல்ல மட்டும் ஏன் கறி உப்பு கூடிக் கெடக்கு? அந்தச் சுண்ணாம்பு எல்லாம் எங்க போச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே தெரியாத விஷயத்தில்தான் அவர் அப்படிச் செய்வார். எனக்கும் தெரியவில்லை. முன்னால் அத்தனை பேர். வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் ‘அது பாடத்தில் இல்லை, உட்காரு’ என்று சொல்லிப் பழகிய வாய். இங்கேயும் ஆவியாதல் அது இது என்று ரெண்டு வார்த்தை போட்டால் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

“தெரியாது” என்றேன்.

அன்றைக்கு நான் பேசியதற்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல் அதற்கு விழுந்தது. தலைவர் எழுந்து அடுத்த மாதம் மறுபடியும் சார்தான் என்று அறிவித்தார். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. எனக்கு வயிறு மறுபடியும் எரிந்தது.

திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டினார். திங்கள்சந்தை தாண்டியதும் நான் சொன்னேன்: “நல்லாப் படிச்சிட்டு வாங்க. நான் முன்வரிசையிலதான் இருப்பேன்.”

“இரு,” என்றார். “இனி எனக்கு நெசமாத் தெரியாததாக் கேளு.”

அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அவருக்கு என்னென்ன தெரியும் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, “காலையில ஆலைக்குப் போனா மொதல்ல என்ன செய்வீங்க?” என்று ஆரம்பித்தேன்.