டிரங்க்கால் டோரதியின் பாட்டு

மன்னார்புரம் டோரதி அக்கா பாட ஆரம்பித்தால் காவிரி ஓட்டத்தை நிறுத்திவிட்டு நிற்கும். மலைக்கோட்டை பத்தடி நகர்ந்து வந்து குந்திக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நிற்கிற கோபுரம் மிச்ச நிலைகளைத் தானே கட்டிக்கொள்ளும். இதெல்லாம் இன்னும் நடக்காததற்கு ஒரே காரணம், அவள் பாடுவது எவர் காதிலும் விழாததுதான்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போனுக்கெல்லாம் லைன் போட்டுத் தருகிற டிரங்க்கால் ஆபரேட்டர். ஒரே அறையில் வரிசையாக உட்கார்ந்து எல்லாப் பெண்களும் பேசவேண்டும். ஒருத்தி குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவளுக்குக் காரைக்குடியும் கேட்காது, கல்கத்தாவும் கேட்காது. அதனால் போன் மைக்கில் வாயை ஒட்டவைத்து, மூச்சு விடுகிற மாதிரி பேசிப் பழக்கம். பாட்டும் அப்படியே ஆகிவிட்டது.

அவளுடைய அக்கா செல்வமேரி ஜெர்மனியில் நர்ஸ். எண்பத்திரண்டில் லீவுக்கு வந்தபோது ஒரு டேப்ரிக்கார்டரும், அந்த ஊர்ப் பையன்கள் வாசித்த ஒரு கேசட்டும் கொண்டுவந்தாள். அதில் டிரம்ஸ் ஒரே அடி. ஏற்றம் கிடையாது, முடிவு கிடையாது. மதுரை ரோட்டில் லாரி போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"பாவம், நிறுத்துடான்னு சொல்ல அங்க ஆளில்ல போலிருக்கு" என்றேன்.

டோரதி அக்கா சிரிக்கவில்லை. "இது மேலதான்டா மெதுவா பாட முடியும். நீ அடி. நான் கித்தார் வாசிச்சுப் பாடறேன்."

நான் ஸ்தனிஸ்லாஸ், பக்கத்து வீடு. ஒன்பதாவதில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்து, பேண்ட் செட்டில் சேர்ந்தவன். அங்கே டிரம் அடிக்கிறவனுக்கு மரியாதையே உருட்டில்தான். நாலு அடி அடித்து ஒரு உருட்டு உருட்டினால் விசில் பறக்கும். அக்காவின் பாட்டில் உருட்டவே கூடாது. கை அரித்தது. உருட்டினேன்.

"மறுபடி" என்றாள்.

திரும்ப உருட்டினேன்.

"மறுபடி." கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. டூட்டி முடிந்து வந்து, சாப்பிடாமல்கூட, தினமும் அந்த ஒரு சொல்.

பாட்டு அவளே எழுதியது, செல்வமேரிக்காக. "லைன்ல இருங்க, லைன்ல இருங்க, கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்குது" என்று போகும்.

மாதா கோயில் திருவிழா மேடையில் அதைப் பாட அனுமதி கேட்டாள். பாடகர் குழுவை நடத்துகிற சவரிராயன் மாஸ்டருக்கு ஆர்மோனியம்தான் வேதம். கித்தாரைப் பார்த்தாலே முகம் புளிக்கும்.

"பாடும்மா. ஆனா சனம் கூச்சல் போட்டா அந்த நிமிஷமே இறங்கிடணும். அதுக்கப்புறம் கோயிலுக்குள்ள கித்தாரு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க மாஸ்டர். முழுசாப் பாடிட்டா?"

"முதல்ல பாடு."

திருவிழா அன்று எங்களுக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழு மைதானத்தையே கிழித்துவிட்டுப் போனது. அடுத்து அக்கா. நான் அடிக்க ஆரம்பித்தேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அக்கா, கரண்ட் போயிடுச்சா?" என்றான் ஒருவன். சிரிப்பு. மைக் செட் குத்புதீன் பாய் பதறிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார். ஒலிபெருக்கி 'ஊய்' என்று அலறியது. அவ்வளவுதான், கூச்சல் கிளம்பிவிட்டது. என் பேண்ட் செட் தோழர்கள் முன்வரிசையிலிருந்து, "ஸ்தனி, உருட்டுடா! மானத்தைக் காப்பாத்துடா!" என்று கத்தினார்கள். ஒரே ஒரு உருட்டு போதும், கூட்டம் எங்கள் பக்கம். மாஸ்டர் எழுந்து நின்று, இறங்கு என்று கை காட்டினார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மைக்கில் வாயை ஒட்டவைத்தாள், எக்ஸ்சேஞ்சில் வைக்கிற மாதிரியே. பாய் சத்தத்தைக் குறைத்தார். நான் அதே அடியை அடித்துக்கொண்டிருந்தேன்.

"லைன்ல இருங்க..."

மூச்சுக் காற்று மைதானம் முழுக்கப் போனது. பின்வரிசையில் ஒரு கிழவர், தபாலாபீசில் டிரங்க்காலுக்குக் காத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் போலிருக்கிறது, பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "இருக்கேம்மா! கட் பண்ணிடாதீங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் யாரும் திரும்பக் கூச்சல் போடவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்குக் காத்துக் கிடந்தவர்கள். அந்தக் குரல் இருக்கச் சொன்னால் இருப்பார்கள். பாட்டு முடியும்வரை இருந்தார்கள். மாஸ்டர் எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்: "மேல் கம்பி சுருதி சேரல. ஞாயித்துக்கிழமை பூசைக்குச் சேத்துட்டு வா."

அக்கா கித்தாரை உறையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன்டா நீ உருட்டல?"

"கை மரத்துப்போச்சுக்கா. இல்லன்னா உருட்டியிருப்பேன். எனக்கென்ன உங்க பாட்டுமேல அக்கறை?"

"அப்படியா? டிரம் பக்கத்துலயும் பாய் ஒரு மைக் வச்சிருந்தாரே, பாக்கலையா?"

"அதுக்கென்ன?"

"கடைசி வரியெல்லாம் என்கூட ஒரு ஆம்பளக் குரலும் மெதுவாப் பாடுச்சு. நடுங்கிட்டே."

குனிந்து குச்சியைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.