துதிக்கை மடிப்பில் நின்ற களிம்பு

இந்த மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் அண்ணனோடு பழகிய பெரியவர்களுக்கும் என் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை, தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். முதலாண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி அண்ணன் மகன் வந்தபோது, "அப்பாவப் பத்தி நல்லதா எழுது அத்தே" என்றான். அண்ணனைப் பற்றி எழுதக் கெட்டது எதுவும் கிடையாது. என்னைப் பற்றித்தான் இருக்கிறது. அவரிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று ஓராண்டாக என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அதைச் சொல்லாமல் அவருடைய அருமையை எழுத எனக்கு வரவில்லை.

அண்ணன் பிறந்து வளர்ந்தது உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஏர் பிடித்தார். ஏரி வற்றிய ஆண்டுகளில் கேழ்வரகுக் கூழ்தான் எங்கள் மூவருக்கும் சாப்பாடு. அம்மாவுக்கும் எனக்கும் ஊற்றிவிட்டு, பானையைச் சாய்த்துப் பார்த்த பிறகே தான் உட்காருவார். தன் படிப்பு நின்றாலும் என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, அதன் பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பச்சை ஓலை வெட்ட முதலில் போகிறவர் அவர். யாரையும் ஒரு சுடுசொல் சொல்லி நான் கேட்டதில்லை. வாய் நீளம் எனக்குத்தான்.

என் புகுந்த வீட்டுப் பூஜை அலமாரியில் பித்தளையும் செம்புமாக ஒன்பது விக்கிரகங்கள் உண்டு. போகியன்று அவற்றை இறக்கித் துலக்கி, பொங்கலுக்குப் பொட்டிட்டு வைப்பது வீட்டு மருமகளின் பொறுப்பு. என் மாமியார் அதில் மிகவும் கண்டிப்பானவர். கல்யாணமான இரண்டாம் ஆண்டு, தண்ணீர் சேந்தும்போது கிணற்றுச் சகடையில் கயிறோடு என் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. மற்ற வேலைகளை எப்படியோ சமாளித்தேன். ஈரமான விக்கிரகத்தை இறுக்கிப் பிடித்துத் தேய்க்க மட்டும் முடியவில்லை.

அந்த ஆண்டு போகிக்கு அண்ணன் சைக்கிளில் பொங்கல் சீர் கொண்டுவந்தார். பின்னால் அரிசி மூட்டை, பக்கவாட்டில் கரும்பு, முன்னால் மஞ்சள் கொத்து. நான் தோட்டத்துப் பக்கம் புளித்தண்ணீர் வாளியின் முன்னால் அழுதுகொண்டிருந்தேன். அவர் காதில் விழட்டும் என்றே மாமியார் பேசினார்.

"சாமி தொலக்கக் கை இல்லாதவள வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே இட்டுக்கினு போயி உன் வூட்ல வச்சிக்கோ."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரில் குந்தினார். புளியில் உப்பைப் போட்டுப் பிசைந்து முருகரைக் கையில் எடுத்தார்.

"ஆம்பள செய்யற வேலையா இது?" என்றார் மாமியார்.

"கோயில்ல சாமிய கழுவுறவரு ஆம்பளதான அத்தே" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே.

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அதோடு அடிபட்டுப் போயிற்று.

அதற்கப்புறம் பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு போகிகூடத் தவறாமல் வந்தார். விடியற்காலையில் தன் வீட்டுப் பழையதைக் கொளுத்திவிட்டுக் கிளம்பி, எங்கள் வீட்டில் நாஷ்டா முடித்ததும் உட்காருவார். பழைய மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் வழித்தெடுப்பார். புளி போட்டுத் தேய்த்து, சலித்த செங்கல் தூளால் ஒரு தேய்ப்பு. புளிப்பு ஒட்டியிருந்தால் மறுபடியும் களிம்பு ஏறும் என்று நாலு தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து வெயிலில் வைப்பார். இண்டு இடுக்குக்கு ஈர்க்குச்சி. நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவேன். ஊர்க் கதையெல்லாம் அப்போதுதான் பேசுவோம். பொங்கலன்று வருகிறவர்கள் மருமகள் கை சுத்தம் என்று மெச்சுவார்கள். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியாக வந்த போகிக்கு அவர் சைக்கிளில் வரவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதிகம் பேசவில்லை, வேலையும் மதியம் வரை இழுத்தது. அண்ணனுக்கு அலுத்துவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் செம்புப் பிள்ளையாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துதிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் களிம்பு அப்படியே பச்சையாக நின்றது.

"உங்க அண்ணனுக்கு இந்த வருசம் அவசரம் போல கீது" என்று அவள் சிரித்தாள்.

எனக்கு மானம் போய்விட்டது. நாலு பேர் எதிரில் அண்ணனிடம் பாய்ந்தேன்.

"இஷ்டம் இல்லன்னா வராம இருந்திருக்கலாமே. ஒப்புக்குத் தேச்சிட்டுப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வர்றே? எனக்கோசரம் நீ ஒண்ணும் பேஜார் பட வாணாம். அடுத்த வருசத்திலேர்ந்து என் பொண்ணு பாத்துக்குவா."

அண்ணன் பிள்ளையாரை வாங்கி, மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

"பச்ச கீதா?" என்று கேட்டார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரிம்மா" என்று எழுந்தார். மகன் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாசத்தில்தான் கை போட்டிருக்கிறார் என்று எண்ணினேன்.

அடுத்த பொங்கலுக்குச் சீர் மட்டும் வந்தது, மகன் கொண்டுவந்தான். அண்ணன் ஏன் வரவில்லை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையிடம்கூட எனக்கு ரோஷம். அதற்கடுத்த மார்கழிக் கடைசியில்தான் அவர் படுக்கையில் கிடக்கிற சேதி வந்தது. ஓடினேன். அண்ணி என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

"சக்கர வியாதிம்மா. மூணு வருசமா கண்ணு கொஞ்சங்கொஞ்சமா போய்க்கினே இருந்துச்சி. உங்கிட்ட சொல்ல வாணாம்னு சத்தியம் வாங்கிக்கினாரு. தெரிஞ்சா என் தங்கச்சி இந்த வேலைய செய்ய உடமாட்டா, அப்புறம் அவதான் அந்தக் கைய வச்சிக்கினு கஷ்டப்படுவான்னு சொல்வாரு. அந்தப் போகிக்கு முந்தின நாளு எங்க வூட்டுச் செம்பையெல்லாம் தடவித் தடவித் தேச்சிப் பாத்தாரு. நல்லா கீதான்னு கேட்டாரு. நானும் நல்லா கீதுன்னுட்டேன்."

அண்ணியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் மனம் நோகக்கூடாது என்று சொன்னது அது. நான் சொன்னது அப்படியல்ல.

மறுநாள் போகியன்று விடியற்காலை அண்ணன் எங்களை விட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு ஆள் வந்து சொன்னபோது விக்கிரகங்கள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன.

கடைசி மாதங்களில் அவரைக் குழந்தையாகத் தாங்கிய அண்ணிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவர வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டிய எதிர்வீட்டு மாமாவுக்கும், மழையிலும் வீடு தேடி வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், தினமும் சாயங்காலம் பேப்பர் படித்துக் காட்டிய அவருடைய பள்ளித் தோழருக்கும், காரியம் முடியும் வரை கூட நின்ற ஊரார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணனை நான் கடைசியாகப் பார்த்த அந்தப் பகலைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். மடங்காத விரல்களைத் தொட்டதும், "வந்துட்டியாம்மா" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர்தான் பேசினார்.

"பொண்ணுகிட்ட சொல்லு, தும்பிக்க மடிப்புல பச்ச நிக்கும். ஈர்க்குச்சில துணிய சுத்திக்கினு தேய்க்கணும். எனக்கு அன்னிக்கு அது சரியா வரலம்மா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னும் கோவமா கீறியா?" என்று கேட்டார்.

நான் அழுதுகொண்டே இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிறது, நாளைக்குப் போகி என்று அண்ணி நினைவுபடுத்த, கிளம்பிவிட்டேன். வாலாஜாபாத்தில் இறங்கித் தென்னேரி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், நான் தலையாட்டியது அண்ணனுக்குத் தெரிந்திருக்காது என்பது எனக்கு உறைத்தது.