அருவியில் வைத்துப் பேசிய வழக்கு

இங்கிலீஷில் யார் பேசினாலும், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிற மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தென்காசி ரயிலடிப் பக்கம் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சிறுவயதில் அவளுக்கு மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் உள்ள விளக்குக் கம்பங்களையெல்லாம் பிடித்து நின்று மூச்சு வாங்குவாள். பெண் பார்க்க வந்தவர்கள் அந்த மூச்சைக் கேட்டுவிட்டுக் காப்பியைக் கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் விரலை விட்டே இருதய வால்வைத் திறந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளை அழைத்துப் போனேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ‘வால்வு’. சைக்கிள் டியூபில் நான் தினமும் புரட்டி எடுக்கிற சமாசாரம்தானே. சக தொழிலாளியிடம் பேசுவது போன்ற தெம்போடு தலையாட்டினேன். வெளியே வந்து அக்காவிடம், அடைப்பு இருக்கிறதாம், எடுத்துவிடுவார்களாம், அவ்வளவுதான் என்றேன்.

வால்வு திறந்தது. மூச்சும் சீரானது. ஆனால் கண் விழித்தபோது வலது கை அசையவில்லை. இருதயத்துக்குள் இருந்த ரத்தக்கட்டி ஒன்று நழுவி மூளைக்குப் போய்விட்டதாம். இப்படியும் ஆகலாம் என்று தம்பியிடம் நேற்றே சொன்னேனே என்று டாக்டர் ஒரு நர்ஸை வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டி இருக்கிறதா என்று சரியாகப் பார்க்காமல் நெஞ்சுக்குள் விரலை விட்டது யார் குற்றம்? பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் பசை காய்வதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். எழுந்து பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரம் வரை நடந்து, காற்று தள்ளத் தள்ளத் திரும்பி வருவேன். ஒற்றைச் சக்கரத்தோடு சைக்கிள்கள் தலைகீழாக நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் என்னைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். அந்த டாக்டரைக் கோர்ட்டில் ஏற்றி நஷ்ட ஈடு வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அக்கா வேறு முடிவு செய்திருந்தாள். தினமும் காலையில் பின்கட்டுச் சுவரில் இடது கையால், கரித்துண்டை வைத்து எழுதிப் பழகினாள். முதலில் ‘அ’ என்று அவள் எழுதியது சுருண்டு கிடக்கிற மரவட்டை மாதிரி இருந்தது. நாளடைவில் அது எழுத்தானது. “பள்ளிக்கூடம் திறக்கது வரைக்கும் கை விஷயத்தை யார்ட்டயும் சொல்லாதலே. தெரிஞ்சா வேற ஆள் போட்டுருவாங்க” என்றாள். அதற்கும் தலையாட்டினேன். அது தமிழ்தான், நன்றாகவே புரிந்தது.

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. பாளையங்கோட்டைப் பெரிய வக்கீல் ஒருவர் சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்திருப்பதாகத் தகவல் வந்தது. வீட்டுக்குப் போனால் குமாஸ்தாவைத் தாண்ட வேண்டும். அருவியில் குமாஸ்தா கிடையாது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, கோவணத்தோடு பேரருவிக்குப் போனேன். வக்கீலும் அதே கோலத்தில் நின்றார். வக்கீலிடம் சொல்வதாயிற்றே, பதவிசாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தினேன். அவர் காதில் விழ வேண்டுமே என்று இன்னும் கத்தினேன்.

அவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் கவனமில்லாமல் செய்தார் என்று இன்னொரு டாக்டர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், எவர் வருவார் என்று கேட்டார். “அதை விடும் வே. உம்ம அக்காவால வேலை பாக்க முடியாதுன்னு நிரூபிக்கணும்லா. சாட்சி இருக்கா?”

தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, கண்ணை மூடி நின்ற ஒருவர் பக்கத்திலிருந்து அனுதாபமாகக் கேட்டார். “வலது கையா? சாக்பீஸ் பிடிக்க வருமா?”

சாட்சி தானாக வந்து மாட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “சாக்பீஸா? ஈயைக்கூட விரட்ட வராது அண்ணாச்சி. செத்த கை. கோர்ட்டுல வந்து சொல்லுதீயளா?”

அவர் அருவிக்குள் போனார். எண்ணெய் போக நின்று குளித்துவிட்டு வந்து, துண்டு மடிப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அக்கா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் மேனேஜர்.

இடது கை பிரமாதமாக வேலை செய்கிறது சார் என்று அவர் பின்னாலேயே ஓடினேன். முதல் நாள் வந்து பலகையில் எழுதிக் காட்டட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். வக்கீல் தலையைத் துவட்டியபடி, “உம்ம கேசுக்கு எதிர்சாட்சி நீர்தான் வே” என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

“அந்த டாக்டரு மேல எனக்குக் கோவம் இல்லன்னா நெனைக்க? நெஞ்சு என்னோடது. உங்கிட்ட சொன்னா எங்கிட்ட சொன்னதாயிருமா?”

இதை ஏன் வக்கீலிடம் சொல்லத் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எனக்கே அதுவரை தோன்றவில்லை என்பதுதான் காரணம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சைக்கிளில் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்தே போனாள். கடையைப் பூட்டிவிட்டு, சைக்கிளும் பம்புமாகப் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே நிற்க முடியவில்லை. சுற்றுச்சுவரைச் சுற்றி வந்தேன். நன்றாக இருந்த டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தேன். என்ன வேணும் என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, வால்வு சரியில்லை என்றேன்.

சாயந்திரம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அக்கா வந்தாள். இடது உள்ளங்கை வெள்ளை வெளேரென்று இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேகமாக நடந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டே கூட ஓடினேன். மேனேஜர் என்ன சொன்னார், எழுத்து நேராக வந்ததா, வேறு ஆள் பார்க்கிறார்களா, வக்கீலை மறுபடி பார்க்கட்டுமா என்று மூச்சு வாங்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். விளக்குக் கம்பங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றையாவது பிடித்துக்கொண்டு நின்றால் தேவலை என்று எனக்குத்தான் இருந்தது.

“பேசாம வாலே, நாளைக்கு மணி அடிக்கதுக்கு முன்ன நான் கிளாஸ்ல இருக்கணும்” என்றாள்.