சுளுக்கு எடுக்காத கை

முத்துச்செல்வி மைதானத்தில் விழுந்து அசையாமல் கிடந்தபோது, என் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். எங்கள் ஊர் அம்பாள் கோமதித் தாயை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எழுதுவது சந்தோஷத்தில்தான்.

சங்கரன்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனால் ஊருக்கு என்னைச் சுளுக்கு எடுப்பவனாகத்தான் தெரியும். அப்பாவிடமிருந்து வந்த கைப்பழக்கம். கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் கணுக்கால் பிசகினாலும் விளக்கெண்ணெயோடு என்னைத் தேடி வருவார்கள். கைராசிக்காரன் என்பார்கள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

போன ஆனி மாதம், முதலுதவிச் சான்றிதழ் இல்லாத பயிற்சியாளர் அணியைப் போட்டிக்குக் கூட்டிவரக் கூடாது என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். வேண்டாவெறுப்பாக மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். நடத்தியது என் மகள் வயதுள்ள ஒரு டீச்சர். கழுத்தில் அடிபட்ட பிள்ளையைத் தூக்காதீர்கள், திருப்பாதீர்கள், தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள் என்றார்.

"நாங்க தலைமுறையா கழுத்து எடுக்கோம் டீச்சர். ஒரு சொடக்குல சரியாயிரும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்க கைக்கு வேலை தெரியுது சார். சும்மா இருக்கத் தெரியுதான்னு பாப்போம்" என்று ஒருவரைப் படுக்கவைத்து, அரை மணி நேரம் அவர் தலையைப் பிடிக்கச் சொன்னார். முட்டி மரத்துப்போய் நான் நொண்டிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு, கரிவலம்வந்தநல்லூர் அணியோடு ஆட்டம். முத்துச்செல்வி எங்கள் கோல்கீப்பர், எட்டாம் வகுப்பு. உயர வந்த பந்துக்கு எம்பியவள் எதிரணிப் பிள்ளைமேல் மோதி, பிடரி அடிபட விழுந்தாள்.

"கழுத்து வலிக்கி சார். கை மதமதன்னு இருக்கு" என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. அவளுடைய அப்பா கணபதி, தறி ஓட்டுகிறவர், ஓடி வந்தார். "என்ன அண்ணாச்சி பாத்துக்கிட்டு நிக்கிய? ஒரு இழுப்பு இழுத்து விடுங்க. ஒங்க கைய நம்பித்தான புள்ளைய அனுப்புதேன்."

என் கையும் பரபரத்தது. அப்பா சொல்லிக்கொடுத்தது சரியா, டீச்சர் சொன்னது சரியா? பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. மண்டியிட்டு அவள் தலையின் இரண்டு பக்கமும் கையை வைத்தேன். "தாயே, என் கையப் பிடிச்சுக்கோ" என்று வேண்டினேன். அவளைக் குணமாக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பரபரப்பு அப்படியே அடங்கியது! என் கை என்னுடையதாகவே இல்லை. யாரோ சோடா கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வந்தபாடில்லை. "கல்லு மாதிரி இருக்கீரே வே, நீரெல்லாம் மனுசனா?" என்று கணபதி கத்தினார். நான் முத்துச்செல்வியிடம் பேசிக்கொண்டே இருந்தேன். தபசில் என்ன வாங்கினாய் என்று கேட்டேன். வளையல் என்றாள். எத்தனை டஜன், என்ன நிறம் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை கேட்டுத் தீர்த்தேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்பில் கீறல். "யாராவது திருப்பியிருந்தா புள்ளைக்குக் கைகால் விளங்காமப் போயிருக்கும். தலைய யார் பிடிச்சிருந்தது?" என்றார் டாக்டர். கணபதி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இதுவரை நான் இழுத்துவிட்ட கழுத்துகளையெல்லாம் நினைத்து அழுதேன்.

அன்றோடு சுளுக்கு எடுப்பதை விட்டுவிட்டேன். வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். தை மாதம் கழுத்துப்பட்டையைக் கழற்றியதும், முத்துச்செல்வி தன் காலால் பிராகாரம் சுற்றினாள். நான் அம்பாளுக்குக் காணிக்கையாக வெள்ளியில் கை உரு வாங்கினேன். "புள்ளைக்குக் கழுத்துலதான அடி?" என்றார் கடைக்காரர். "நான் தாய்ட்ட கேட்டது கைக்கு அண்ணாச்சி" என்றேன்.

போன வாரம் அந்த டீச்சரை எங்கள் மைதானத்துக்கே அழைத்து வந்தோம். பிள்ளைகளை விளையாட அனுப்புகிறவர்களே, நீங்களும் தாயை நம்பி வந்து கற்றுக்கொள்ளுங்கள். கேட்டால் அவள் கைவிட மாட்டாள். டீச்சர் சொன்னதும் முதல் ஆளாக மண்டியிட்டவர் கணபதி. தன் மகளையே படுக்கவைத்து அரை மணி நேரம் தலையைப் பிடித்திருந்தார். முடிந்ததும் எழ முடியாமல் என் தோளைப் பற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு இவ்வளவு நேரமா அண்ணாச்சி பிடிச்சிருந்திய?" என்றார்.