காணாமல் போகும் புள்ளிகள்

அலுவலகத்தில் அவளைப் புள்ளியக்கா என்பார்கள். ரயிலையும் பேருந்தையும் ஒன்றாக இணைத்து நேரம் அமைத்தால் நகரத்தில் என்ன நடக்கும் என்று கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. திரையில் ஒவ்வொரு பயணியும் ஒரு புள்ளி. வருடக்கணக்கில் புள்ளிகளை மேய்த்ததில் அவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஓடும் சின்னப் பேருந்தை நிறுத்திவிடலாம், பெரிய சாலைப் பேருந்தே போதும் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டிப் பார்த்ததில் சராசரிக் காத்திருப்பு குறைந்தது. இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் தங்கைக்கு அந்தச் சின்னப் பேருந்தை விட்டால் வேறு கதியில்லை.

"பெரிய பஸ்ல இப்பவே கால் வைக்க எடமில்ல. காத்திருக்கிறது எப்படிக்கா குறையும்? உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"கணக்கு அப்படித்தான்டி வருது. உயிரை எடுக்காதே."

"அதுல நான் எங்க நிக்கிறேன்? காட்டு."

மறுநாள் அதே எரிச்சலோடு, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்தாள். ரயிலை விட்டு இறங்கியது. நிறுத்தத்தில் நின்றது. பேருந்துகள் நிரம்பி வழிந்து கடந்துபோயின. இன்னும் நின்றது. பொசுக்கென்று மறைந்தது.

வெகுநேரம் அசையாத புள்ளியை மென்பொருளே தூக்கிவிடும். ஓட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமென்று அதை உருவாக்கியவர்கள் செய்த ஏற்பாடு. தூக்கப்பட்டவர்கள் சராசரியில் சேரவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் இயக்குநர் தலையில் கைவைத்தார். "மேல சொல்லியாச்சும்மா. இந்த ஒரு தடவை அப்படியே விட்டுடேன்."

"நிக்கிறவங்கள அழிச்சுட்டு, யாருமே நிக்கலன்னு சொல்றோம் சார்."

"அந்த ஏற்பாட்டை நாமளா வெச்சோம்?"

"நாமதான் சார் எடுக்கணும்."

எடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே மறுபடி ஓட்டினாள். நிறுத்தம் நிறைந்தது. நடைபாதை நிறைந்தது. புள்ளிகள் சாலையில் இறங்கி நிற்கத் தொடங்கியபோது அவர் போதும் என்று கையைக் காட்டினார்.

"சரி, அந்த வண்டி ஓடட்டும். மேல நான் பேசிக்கறேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "இந்த ஏற்பாட்டை வெச்சுக்கிட்டே எத்தனை ரூட்டை முடிவு பண்ணியிருக்கோம்?"

"எல்லாத்தையும்தான் சார்."

"அப்ப எல்லாத்தையும் திரும்ப ஓட்டு."

வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள். "உன் பஸ் தப்பிச்சுது. இனிமே எனக்குத்தான் ஞாயித்துக்கிழமையே கிடையாது."

"அப்படியா? நல்லதாப் போச்சுக்கா. அப்படியே அதைக் கொஞ்சம் நேரத்துக்கு வரச் சொல்லேன். இன்னிக்கும் லேட்டு."

அக்கா போனை வைத்துவிட்டாள்.