வளவில் பால் காய்ச்சிய நாள்

போன வாரம் என் பேரன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனான். பால் காய்ச்சினார்கள். கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்ததில் வீடு முழுக்க வாசனை. பேரன் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். எனக்கானால் அந்த வாசனை இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை போலிருந்தது. கிழவர் காப்பிக்குத்தான் மூக்கை உறிஞ்சுகிறார் என்று நினைத்து ஒரு டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். நான் அப்போது அங்கே இல்லை. யுத்த காலத்து மதுரையில், சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தேன்.

அந்தச் சந்தில்தான் எங்கள் வளவு இருந்தது. வளவு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நீளமாக முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. குடித்தனம் என்பது ஓர் அறை. அதற்குப் பின்னால் அடுப்படி என்ற பெயரில் கொஞ்சம் இருட்டு. நான் அப்போது நெட்டையாக இருப்பேன். நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் மறு சுவரிலும் முட்டும். இன்று அதே அறையில் நான் சௌகரியமாகப் படுத்திருப்பேன், வயது என்னை அவ்வளவு குறுக்கிவிட்டது.

எனக்கு ஊர் சமணமலைக்கு மேற்கே. ஊர் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஊர் ஒரு பக்கம் இருக்கும், எங்கள் தெரு தள்ளி ஒரு பக்கம் இருக்கும். அப்பா அடுத்தவர் வயலில் வேலை பார்த்தார். நான் நாலெழுத்து படித்திருந்ததால் மதுரையில் ஒரு பஞ்சாலையில் நூல் எடை போடும் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க மில்லுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கிடப்பேன், லீவு நாளில் ஊருக்கு நடப்பேன். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். பாண்டியம்மாள், அதாவது என் மனைவி, "கெழவன் வாரான் பாரு" என்பாள். இன்றைக்குத் தூசி இல்லாமலே அப்படித்தான் சொல்கிறாள்.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. வலி கண்டு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தோம். வண்டி டவுனைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவளை அதே வண்டியில் திருப்பி ஊருக்குக் கொண்டுபோனேன். இரண்டாவதாக உண்டானபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல ஒரு வீடு பாருங்க. நான் இன்னொரு தடவ அந்த வண்டியில ஏற மாட்டேன்."

சிம்மக்கல்லிலிருந்து ஆற்றைத் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. அந்தப் பக்கத்தில் நான் ஏறி இறங்காத வளவு இல்லை. எல்லா இடத்திலும் வீடு காலியாகத்தான் இருந்தது, நான் வாயைத் திறக்கும் வரைக்கும். யாரும் முகத்துக்கு நேரே சாதி கேட்க மாட்டார்கள். அது நாகரிகம் இல்லையாம். "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்பார்கள். அடுத்து, "குலசாமி எது?" என்பார்கள். "அந்த ஊர்ல யாரு வீடு?" என்பதற்குள் வீட்டுக்குச் சொந்தக்காரரின் மச்சினன் நேற்றுத்தான் முன்பணம் கொடுத்திருப்பான். மதுரையில் அத்தனை மச்சினன்மார் எங்கிருந்துதான் வந்தார்களோ!

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதற்குப் பிறகு அவளுக்கும் மாசம் ஏறிவிடும் என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒச்சப்பன் இதில் தலையிட்டான். ஒச்சப்பன் என்னோடு மில்லில் வேலை பார்த்தவன். உசிலம்பட்டிப் பக்கத்தில் நிலபுலமுள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. மீசையைப் பார்த்தாலே ஆள் ஒதுங்கிப் போகும், ஆனால் கரப்பான் பூச்சிக்குப் பயப்படுவான். மில்லில் நாங்கள் ஒரே சட்டியில் கை போட்டுச் சாப்பிடுகிற சேக்காளிகள். அந்த மில் வாசலைத் தாண்டினால் அது நடக்காது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாப்ள, நீ வாயத் தொறக்காம என் பின்னால வா," என்று சிம்மக்கல் வளவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். வீட்டுக்காரர் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவர், ஆகவே பேச்சு அந்த அம்மாளோடுதான். குலசாமி வரைக்கும் போகவே விடாமல் ஒச்சப்பன் சொன்னான்:

"நம்ம சொந்தந்தாம்மா. என் அத்த மகன்."

அந்த அம்மாள் அவன் மீசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி. பால் காய்ச்சுற அன்னைக்கு உங்க வீட்டுப் பொம்பளையாள் ஒருத்தர் வந்து நிக்கணும். சின்னஞ்சிறுசுக தனியாக் குடிவந்தா நல்லாருக்காது."

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "இம்புட்டுப் பொய்யும் சொல்லிட்டு, பொம்பளையாளுக்கு எங்கடா போவ?"

"எங்க ஆத்தா இருக்கு. மில்லுச் சேக்காளி வீட்டு விசேசம்னு சொல்லிக் கூட்டிட்டு வாரேன். அதுக்கு மேல ஆத்தாவுக்கு என்னத்துக்குத் தெரியணும்?"

வீட்டைத் தயார் செய்ய சிக்கந்தரும் சேர்ந்துகொண்டான். அவனும் மில்தான், எங்கள் மூவரில் கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்வான். சுண்ணாம்பு அடிக்கும் பொறுப்பை ஏற்றான். வெள்ளை பளிச்சென்று இருக்க நீலம் கலப்பார்கள் இல்லையா, அதை அவன் தாராளக் கையோடு கலந்துவிட்டான். காய்ந்ததும் சுவர் நாலும் நீல நிறம். வீட்டுக்காரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, சுவரா ஆகாசமா?" என்றாள். சிக்கந்தர் அசரவில்லை. "கொசு வராதும்மா," என்றான். கொசு வந்தது.

ஊரிலிருந்து வண்டியில் வந்த அம்மிக்கல்லைச் சந்து முனையிலிருந்து சிக்கந்தர்தான் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். "கல்லுல நீங்க மசாலா அரைக்கிறதுக்கு முன்னாடி, கல்லு என்னைய அரைச்சிரும்போல" என்று வழி நெடுக ஊருக்கே கேட்கும்படி புலம்பினான். ஒச்சப்பன் செம்மண் குழைத்து அடுப்புப் போட்டான். அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்ப்பதைப் போல நின்றது. ஆணி அடித்து, கொடி கட்டி, பானை வைக்கக் கல் தேடி என்று இரண்டு பேரும் ஓடி ஓடிச் செய்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். எனக்குத்தான் பயம், முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டால் கதவைப் பாதி சாத்திவிடுவேன்.

பாண்டியம்மாள் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "யாருன்னு சொல்லியாச்சா?"

"ஒச்சப்பன் சொந்தம்னு சொல்லிவச்சிருக்கான், அவன் பாத்துக்கிருவான்," என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாத அளவுக்கு நான் அப்போது சின்னப் பையனும் இல்லை.

ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினோம். காலை பஸ்ஸில் ஒச்சப்பனின் ஆத்தா வந்து சேர்ந்தாள். காதில் தண்டட்டி ஆட, கையில் உப்பும் மஞ்சளும் புது முறத்தில் அரிசியுமாக, உண்மையிலேயே நாத்தனார் மகன் வீட்டுக்கு வந்தவள் மாதிரியே நுழைந்தாள். வளவுப் பெண்கள் முற்றத்தில் நின்றார்கள். அடுப்படிக்குள் பாண்டியம்மாள், ஆத்தா, வீட்டுக்காரம்மாள் மூவருக்கும்தான் இடம். நானும் ஒச்சப்பனும் அடுப்படி வாசற்படியில். சிக்கந்தர் முற்றத்திலிருந்து, "இன்னும் பொங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பால் பொங்கியது. சாய்ந்த அடுப்பின் புண்ணியத்தில் கிழக்குப் பக்கமே வழிந்தது. எல்லாருக்கும் திருப்தி. பாண்டியம்மாள் முதல் டம்ளரை வயதில் மூத்தவள் என்று ஆத்தாவிடம் கொடுத்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு, ஆத்தா ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். இரண்டாவது டம்ளருக்கு வீட்டுக்காரம்மாள் கையை நீட்டினாள். பாண்டியம்மாள் கொடுக்கவில்லை.

"அம்மா, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்புடுறேன். நாங்க இவுக சொந்தம் இல்ல. ஊருக்கு வெளிய இருக்கிற தெருதான் எங்க தெரு. பெறகு தெரிஞ்சு, நெறமாசத்துல நீங்க வெளிய போகச் சொன்னா நான் எங்கிட்டுப் போவேன்? போகணும்னா இப்பவே சொல்லிருங்க. இப்பன்னா நடந்தே ஊருக்குப் போயிருவேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஒச்சப்பனின் ஆத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்துதான் வந்து நிற்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தா காலி டம்ளரின் அடியைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். ஒச்சப்பன் தான் போட்ட அடுப்பை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவன்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மாளின் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. எனக்குக் கண்முன் அந்த மாட்டு வண்டிதான் தெரிந்தது.

முதலில் பேசியது ஆத்தாதான். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"யம்மா, நீங்களும் குடிச்சிருங்க."

"நானா? எதுக்கு?"

"நான் குடிச்சுப்புட்டேன். இனிக் கக்கவா முடியும்? இது எங்க ஊருக்குத் தெரிஞ்சா என்னைய எவளும் வாசல்ல ஏத்த மாட்டா. நீங்களும் குடிச்சிட்டா, நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீக."

"நான் குடிக்கலைன்னா?"

"வெளிய போயி, வீட்டுக்காரம்மாதான் மொதல்ல குடிச்சாகன்னு சொல்லுவேன். இல்லைன்னு சொல்ல இங்க யாரு இருக்கா?"

வீட்டுக்காரம்மாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாகப் பாண்டியம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். டம்ளரை வாங்கினாள். விளக்கெண்ணெய் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வெளிய நிக்கிறவளுகளுக்கு நானே கொண்டு போய்க் குடுக்கிறேன். ஊத்து," என்றாள். அன்று அந்த வளவில் பால் குடிக்காதவர் ஒருவரும் இல்லை.

ஆத்தா கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "நல்லாருங்க தம்பி. எங்க ஊருப் பக்கம் மட்டும் வந்துராதீக." கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை, வலித்தது, அவ்வளவுதான். பஸ் வரும் வரைக்கும் அவள் ஒச்சப்பனைத் திட்டிய திட்டு ஆறு தாண்டியும் கேட்டிருக்கும் என்று சிக்கந்தர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரம்மாள் எங்களை இருக்கச் சொன்னாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. "கெணத்துக் கயித்த மட்டும் நீ தொடாத. நானே எறைச்சு ஊத்துறேன்." வளவில் கேட்டவர்களுக்கு, "பிள்ளத்தாச்சி கயிறு இழுக்கலாமா?" என்றாள். வளவே அவளை மெச்சியது. "இந்தம்மாவுக்கு எம்புட்டு மனசு!" என்றார்கள். பாண்டியம்மாள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நிற்பாள், அந்த அம்மாள் இறைத்து ஊற்றுவாள்.

பிரசவம் பெரியாஸ்பத்திரியில் நடந்தது. பிள்ளை குறுக்கே கிடந்ததாம், ஊரில் இருந்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று நர்ஸ் சொன்னாள். பெண் பிறந்தது. ஒச்சப்பன் ஒரு பொட்டலத்தை நீட்டினான், உள்ளே பிரசவ மருந்தும் கருப்பட்டியும். "யாரு குடுத்தது?" என்று கேட்டேன். "பஸ்ல கெடந்துச்சு மாப்ள," என்றான்.

பிள்ளை பெற்று வந்த பிறகும் கயிறு கைக்கு வரவில்லை. "பச்ச உடம்பு, இழுக்கக் கூடாது," என்றாள் வீட்டுக்காரம்மாள். அப்புறம், "கைப்பிள்ளக்காரி." அப்புறம் காரணம் சொல்வதே நின்றுபோனது, அது பழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் அரைமணி நேரம், ஒருத்தி இறைக்க ஒருத்தி வாங்க, இரண்டு பேரும் பேசுவார்கள். மருமகள் கொடுமை, ரேஷன் அரிசியில் கல், என் குறட்டை, எல்லாம் அங்கே அலசப்படும். என் மகளுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வாய் திறந்து கூப்பிட்டது அந்த அம்மாளைத்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து வளவுக்குள் குழாய் வந்தது. முதல் நாள் பாண்டியம்மாள் போய்த் தானே குழாயைத் திருகினாள். குடம் நிறைந்து வழிந்த பிறகும் மூடவில்லை. வீட்டுக்காரம்மாள் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் காலைப் பேச்சு இல்லை. பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கிணற்றில் மண் தள்ளி மூடினார்கள். பிற்பாடு வளவையும் இடித்து அந்த இடத்தில் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ஒச்சப்பன் இல்லை, சிக்கந்தர் இல்லை, அந்த அம்மாளும் இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது பாண்டியம்மாளிடம் சொன்னேன். "குழாய் வந்ததுல அந்தப் பேச்சும் போயிருச்சே. எம்புட்டு அன்னியோன்னியமா இருந்தீங்க!"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நல்ல பேச்சுதான். ஆனா நீங்க ஒரு நாளாச்சும் குடத்தக் கீழ வச்சிட்டு நின்னு பாத்திருக்கணும்."